கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதோணும், மாஸ்டரைத் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் வாங்கோ

கொப்பிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கனகாலத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வாறன், அதுவும் உதவி கேட்டு. எங்கட கணக்கு மாஸ்டர் போன மாசம் ஸ்காபரோவில மோசம் போட்டார், 84 வயசு. அந்தியேட்டிக்கு இன்னும் 9 நாள்தான் கிடக்கு. 31ஆம் நாள் குடுக்கிற கல்வெட்டில வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் நான்தான் எழுதோணும் எண்டு மகன் சொல்லிப்போட்டார், ஏனெண்டா சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில அவருக்கு டாப்பு, அதுதான் வரவுப் பதிவு, எடுத்துக் குடுத்தவன் நான், எனக்குத்தான் எல்லாம் தெரியுமாம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டது பேனையைக் கையில எடுத்த பிறகுதான் தெரியுது.

கையில இருக்கிறது இவ்வளவுதான். 1940 இல வடமராட்சியில பிறந்தவர், பலாலியில ஆசிரியர் பயிற்சி, 1962 இல இருந்து படிப்பிச்சவர், 83 கலவரம் முடிஞ்சு மூண்டு வருசத்தால 86 இல கனடா வந்தவர். பிறகு 3 சீஆர் கொப்பி, மொத்த மட்டை போட்ட பெரிய கொப்பி. பேஸ்மெண்டில ஒரு சூட்கேசுக்குள்ள இருந்ததாம், மகன் கொண்டுவந்து தந்தவர். 1991 தையில துவங்கி 2019 ஆவணி வரைக்கும் மாசத்துக்கு ஒரு பக்கம், இடப்பக்கம் வரவு வலப்பக்கம் செலவு, சிவப்புக் கோடு அடிமட்டம் வைச்சு அடிச்சது. ஊருக்கு அனுப்பின காசுக் கணக்கு அது. வரவில ரெண்டு நிரல், ஒண்டு "நா", மற்றது "ம". நா எண்டா நான். ம எண்டது மற்றவை எண்டு நினைக்கிறன், ஆக்கள் சேத்துக் குடுத்ததா இருக்கும்.

வீட்டில கிடந்த பழைய கல்வெட்டுகள் எட்டை எடுத்து வாசிச்சன். எட்டிலயும் "கல்விமான், கொடைவள்ளல், சமூகத்தின் கலங்கரை விளக்கு". படத்தை மாத்தி ஒட்டினாலும் ஒருத்தருக்கும் தெரியாது. மாஸ்டர் இதை வாசிச்சிருந்தா சிவப்புப் பேனையால வட்டம் போட்டு "நிறுவுக" எண்டு பக்கத்தில எழுதியிருப்பார். அதால ஊரில படிச்ச ஆக்கள், இஞ்ச வந்த பிறகு பழகின ஆக்கள் ஆராவது இருந்தா நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ, வீட்டுக்காரர் விரும்பேல்ல.

கரவைக்கிழவன்:

தம்பி, நான் 1969 இல இருந்து 74 வரைக்கும் அவரிட்டப் படிச்சனான். செய்தி கேட்டு ரெண்டு நாள் ஒரு மாதிரித்தான் இருந்தது.

தரப்படுத்தல், அதுதான் பல்கலைக்கழகம் எடுக்கத் தமிழருக்கு ஒரு புள்ளி சிங்களவருக்கு ஒரு புள்ளி எண்ட ஒழுங்கு, வந்த நேரம் நாங்கள் உயர்தரம். 400 க்கு, மருத்துவத்துக்குத் தமிழ்ப் பிள்ளைக்கு 250 வேணும் சிங்களப் பிள்ளைக்கு 229 காணும் எண்டு வந்த வருசம். ஊர் முழுக்க அதே கதை, தேத்தண்ணிக் கடை, வாசிகசாலை, கோயில் வீதி எல்லா இடமும் ஒரே பேச்சு. மாஸ்டர் பேசேல்ல. அடுத்த கிழமை வீட்டு விறாந்தையில ஒரு பழைய கதவைச் சாத்தி வைச்சு, ஊமத்தம் இலையும் கரியும் அரைச்சுப் பூசிக் கரும்பலகை ஆக்கிப்போட்டார். பின்னேரம் 5 மணிக்கு வா எண்டார். 7 பேரோட துவங்கினது, நான் வெளிக்கிடேக்க 40 பேருக்கு மேல, முத்தத்தில பாய் போட்டு இருந்தவை. ஒரு சதம் வாங்கேல்ல. எங்கட அம்மா ஒருக்கா முருங்கைக்காய்க் கட்டொண்டு குடுத்துவிட்டவ, அதையும் வகுப்பு முடிஞ்சு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்தவர், எனக்கும் மூண்டு தந்து வீட்ட குடு எண்டார், அம்மாவுக்கு விசர் வந்திட்டுது.

நல்லது மட்டும் எழுதாதை. அடி எண்டா அப்பிடி ஒரு அடி. மடக்கைப் புத்தகம் (லொக் அட்டவணை) மறந்து போனதுக்கு நான் வாங்கின அறை இப்பவும் இடது காதில கேக்குது. என்ர மகன் இதைக் கேட்டா பொலிசுக்கு அடிக்கோணும் எண்டுவான்.

நெல்லைக்காரன்:

நான் இங்க சும்மா படிச்சுட்டு போறவன், ரெண்டு சந்தேகம் கேட்டுக்கறேன். ஒண்ணு, கல்வெட்டுன்னா நாங்க கோயில் சுவத்துல செதுக்கியிருக்கறதுன்னு நெனைப்போம், நீங்க சொல்றது புஸ்தகமா? ரெண்டாவது, 24 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்த மனுஷன் அந்த ஊருக்கு வந்தப்புறம் ஏன் ஸ்கூல்ல சேரல? கணக்கு எந்த ஊர்லயும் கணக்குதானே.

கொப்பிக்காரன்:

நெல்லைக்காரன் அண்ணை, ஓம், எங்களுக்குக் கல்வெட்டு எண்டா செத்தவீடு முடிஞ்சு 31 இல அச்சடிச்சுக் குடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், வம்சாவழி, வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில நன்றி நவிலல். சில வீட்டில அதுதான் அந்த ஆளைப் பற்றி எழுத்தில இருக்கிற ஒரே சாமான்.

ரெண்டாவதுக்கு மகன் சொன்னதைச் சொல்லுறன். பலாலியில எடுத்தது ரெண்டு வருசப் பயிற்சிச் சான்றிதழ். எங்கட ஊரில பயிற்றப்பட்ட ஆசிரியர் எண்டா அது பெரிய மரியாதை. ஒன்ராறியோவில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேணும், அதுக்கு மேல ஆசிரியர் பயிற்சியும் வேணும். இவரிட்டப் பட்டம் இல்லை. 46 வயசு, ஊரில மனுசியும் மூண்டு பிள்ளையளும், கொண்டுவந்த ஏஜென்சிக்காரனுக்குக் கடன். திரும்பப் பல்கலைக்கழகம் போறதோ வேலைக்குப் போறதோ? செக்குரிட்டி வேலைக்குப் போனவர், இரவு 11 இல இருந்து விடிய 7 மட்டும். ஒரு அலுவலகக் கட்டடத்தில மேசையும் கதிரையும் டெலிபோனும். மேசையும் கதிரையும் கிடைச்சிட்டுது, பிள்ளையள்தான் இல்லை எண்டு சொல்லுவாராம்.

மார்க்கம் மாமி:

ஐயோ மாஸ்டரோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

நாங்கள் 87 இல செயின்ற் ஜேம்ஸ் டவுணில இருந்தனாங்கள், அவர் எங்களுக்கு ரெண்டு மாடி மேல, நாலு பெடியளோட ஒரு ஒற்றை அறை வீட்டில. அந்தக் கட்டடங்களில அப்ப முழுக்க எங்கட சனம்தான், லிஃப்டுக்குள்ள ஏறினாலே வெந்தயக் குழம்பு மணக்கும். ஞாயித்துக்கிழமை லோன்றி அறையில உடுப்புத் தோய்க்கப் போனா, மாஸ்டர் செக்குரிட்டி உடுப்போட நிப்பார், வேலையால நேர அங்கதான் வாறது. ஏனெண்டா மெசின் சுத்தி முடிய முக்கால் மணித்தியாலம் செல்லும், தாய்மார் பிள்ளையளை இழுத்துக்கொண்டுதான் வருவினம், பிள்ளையள் ஓடுப்பட்டுத் திரிவினம். அதுகளைப் பிடிச்சு இருத்திப்போட்டு, உடுப்பு மடிக்கிற நீட்டு மேசையில கோம்வேர்க் செய்விப்பார். என்ர மூத்தவன் பின்னம் படிச்சது அந்த மேசையிலதான், ஈரச் சாரத்தை நாலா மடிச்சு "இது எத்தினையில ஒண்டு?" எண்டு கேட்டுச் சொல்லிக் குடுத்தவர். இப்ப அவன் எஞ்சினியர், கேட்டா ஞாபகம் இல்லை எண்டுறான், எனக்கு ஞாபகம் இருக்கு.

பிறகு பள்ளிக்கூடத்தில தமிழ் வகுப்புக் கேக்க 25 பிள்ளையளின்ர பெற்றோர் கையெழுத்து வைக்கோணும் எண்டு வந்தது. கதவு கதவாத் தட்டினவர். கன பேர் பயந்தவை, அகதி வழக்கு நடக்குது, எதிலயும் கையெழுத்து வைச்சா சிக்கலோ எண்டு. என்ர மனுசனும் மாட்டன் எண்டவர். மாஸ்டர் கதவடியில நிண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சார், உள்ள வாங்கோ எண்டாலும் வரேல்ல. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனவர்.

கொப்பிக்காரன்:

மாமி நன்றி, லோன்றிக் கதை ஒருத்தரும் சொல்லேல்ல. அந்த வகுப்புக்குப் பட்டம் தேவையில்லை, பாரம்பரிய மொழி வகுப்பு எண்டு 1977 இல இருந்து ஒன்ராறியோவில இருக்கிற ஒழுங்கு, பிறகு சர்வதேச மொழிகள் எண்டு பேர் மாத்தினவை. கிழமைக்கு ரெண்டரை மணித்தியாலம். அதிலதான் மாஸ்டர் திரும்ப ஒரு வகுப்பறைக்குள்ள போனவர். வெள்ளி இரவு முழிச்சுப்போட்டு சனி காலமை 9 மணிக்கு வந்து நிப்பார், கண் ரெண்டும் சிவந்து, ஆனா சேட்டு ஸ்திரி போட்டு. தமிழ் வகுப்பு எண்டு பேர், பாதி நேரம் கணக்குத்தான் ஓடும், "ஒன்று, இரண்டு எழுதத் தெரியாமல் என்னடா தமிழ்" எண்டு. ஆத்திசூடியில இருந்து வீதக்கணக்குக்கு எப்பிடிப் போறார் எண்டு தெரியாது, போயிடுவார். 40 மணித்தியாலத் தொண்டு வேலை செய்தாத்தான் ஹைஸ்கூல் சான்றிதழ் எண்டு 99 இல சட்டம் வந்த பிறகு எங்களை மாதிரிப் பெடியளுக்கு நல்ல சாட்டு. நான் 40 க்குப் போய் 6 வருசம் நிண்டனான்.

உண்மைவிளம்பி:

செத்த மனுசனைப் பற்றிக் கூடாமல் சொல்ல வரேல்ல, ஆனா ஆராவது கேக்கோணும். இஞ்ச எல்லாருமே கொடைவள்ளல்தான். பழைய மாணவர் சங்க டின்னர், லொத்தர், வேட்டி சேலை போட்டோ, பிறகு ஊரில ஒரு கட்டடம், வாசலில கறுப்புக் கல்லில பேர். எங்கட பள்ளிக்கூடத்தில டொரொண்டோக் கிளை கட்டினது ஒண்டு, லண்டன் கிளை கட்டினது ஒண்டு, அவுஸ்திரேலியாக் கிளை கட்டினது ஒண்டு, மூண்டுக்கும் சேத்து விஞ்ஞானத்துக்கு வாத்தியார் இல்லை. ஒரு செக்குரிட்டி வேலை செய்யிற ஆள் மூண்டு பிள்ளையளை வளத்து, வீட்டுக்கும் கட்டி, ஊருக்கும் அனுப்பினார் எண்டா அது என்ன கணக்கு? ம எண்டு இருக்கிறது பொதுக் காசு எண்டா அதுக்குப் பற்றுச்சீட்டு எங்க? கல்வெட்டில இதையும் போடுவியளோ?

கரவைக்கிழவன்:

உமக்கு வேற வேலை இல்லையோ.

கொப்பிக்காரன்:

இல்லை ஐயா, அவர் கேக்கட்டும், மாஸ்டரும் இப்பிடித்தான் கேப்பார். ஒரு பக்கத்தை அப்பிடியே தட்டுறன். 1994 மாசி.

வரவு: நா 140.00. ம: ஒரு கோடு மட்டும். அதுக்குக் கீழ "தலைமயிர் வீட்டில் வெட்டியது, மிச்சம் 8.00". மொத்தம் 148.00.

செலவு: தொண்டர் ஆசிரியர் இருவர் (கணிதம், விஞ்ஞானம்) 100.00. மண்ணெண்ணெய் 20.00. மடக்கைப் புத்தகம், கொப்பி 18.00. தபால் 3.40. மீதி 6.60 அடுத்த மாசத்துக்கு.

கட்டடம் எண்டு 28 வருசத்தில ஒரு வரியும் இல்லை. அண்ணை சொன்ன அதே வாத்தியார் பிரச்சினைக்குத்தான் கூட காசு போயிருக்கு. தெரியாத ஆக்களுக்கு: ஊரில நிரந்தர நியமனம் இல்லாமல் வருசக் கணக்காப் படிப்பிக்கிற பெடியன் பெட்டையளைத் தொண்டர் ஆசிரியர் எண்டுவம், சம்பளம் இல்லை, எப்பவாவது நியமனம் வரும் எண்டு நம்பி நிக்கிறவை. அவைக்கு மாசம் மாசம் குடுத்திருக்கிறார். மண்ணெண்ணெய் எண்டது, பொருளாதாரத் தடைக் காலம், கரண்டும் இல்லை எண்ணெயும் இல்லை, பிள்ளையள் ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் நூலும் போட்டு ஒரு சொட்டு எண்ணெயில படிச்ச நேரம்.

1995 ஐப்பசிக்குப் பிறகு வாற பக்கத்தில வலப்பக்கம் வெறுமை. சண்டையால யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்க எழும்பி ஓடின மாசம். "விலாசம் இல்லை" எண்டு ரெண்டே சொல்லு. காசு ஒதுக்கியிருக்கு, அனுப்பேல்ல. தை வரைக்கும் அப்பிடியே சேந்துகொண்டு போகுது, பிறகு மாசியில ஒரேயடியாப் போயிருக்கு.

கணக்குப்பிள்ளை:

நான் ஸ்காபரோவில வருமான வரி செய்து குடுக்கிறவன், மாஸ்டர் 2003 இல இருந்து என்னட்டத்தான் வாறவர், ஆகவே ஒரு விசயம் அடிச்சுச் சொல்லுவன், அந்த மனுசன் வெளியில ஒருத்தரிட்டயும் ஒரு சதம் வாங்கினதில்லை. நான் நேர 50 டொலர் நீட்டினன், "உம்மட பேரில நீரே ஒரு பிள்ளையைப் பாரும், விலாசம் தாறன்" எண்டு எழுதித் தந்திட்டுப் போட்டார். (பாத்தனான், அது வேற கதை.)

முறையா ஒரு அறக்கட்டளை பதியுங்கோ எண்டு கெஞ்சினன். பதிஞ்சா நன்கொடை ரசீது குடுக்கலாம், குடுக்கிறவைக்கு வரிச்சலுகை, முதல் 200 டொலருக்கு மேல போனா நல்ல விகிதம். ஆனா நிதியாண்டு முடிஞ்சு 6 மாசத்துக்குள்ள ரீ3010 எண்ட வருசக் கணக்குப் படிவம் போடோணும், வெளிநாட்டுக்குக் காசு போறதெண்டா அங்க நடக்கிற வேலை முழுக்க இஞ்சத்தை அமைப்பின்ர கட்டுப்பாட்டிலதான் நடக்குது எண்டு காட்டோணும், 2022 இல சட்டத்தை மாத்தினபிறகுதான் அது கொஞ்சம் இளகினது. எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அப்ப ஒரு பிள்ளைக்குச் செருப்பு வாங்க நான் ஒட்டாவாவுக்குக் கடிதம் போடோணும், என்ன?" எண்டார். விட்டிட்டன்.

அப்ப உண்மைவிளம்பி கேட்டது நியாயமான கேள்விதான். மற்றவை எண்டு ஒருத்தரும் இல்லையெண்டா ம ஆர்? தம்பி, அந்த நிரலில இருக்கிற தொகையளை வருச வாரியாப் போடும் பாப்பம்.

சிங்கைத்தமிழச்சி:

நடுவுல வரேன், மன்னிக்கணும். படிக்கும்போது எங்க சிங்கப்பூர் கோ. சாரங்கபாணி ஞாபகம் வந்துச்சு. அவரு வாத்தியார் இல்ல, பத்திரிகைக்காரர், 1924 ல திருவாரூர்ப் பக்கத்துல இருந்து வந்தவர், 35 ல தமிழ் முரசு ஆரம்பிச்சவர். ஆனா உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளிக்கு ஓடுனது, மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழுக்கு இடம் வேணும்னு "தமிழ் எங்கள் உயிர்"ன்னு நிதி திரட்டுனது எல்லாம் அவருதான். எங்க தாத்தா துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு, அந்த நிதிக்குக் குடுத்திருக்காரு, எவ்வளவுன்னு தெரியாது, வீட்ல பாட்டி திட்டுனது மட்டும் கதையா இருக்கு. அரிசிக்கு வச்சிருந்த காசாம். புத்தகத்துல தாத்தா பேரும் இல்ல, பாட்டி திட்டுனதும் இல்ல.

உண்மைவிளம்பி:

டொரொண்டோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கும் இப்பிடித்தான், 30 லட்சம் டொலர் 2021 இல சேந்து முடிஞ்சது, நானும் 250 குடுத்தனான். என்ர மனுசியிட்டக் கேக்கேல்ல, இப்ப வாசிக்கக் கொஞ்சம் உறைக்குது. சரி, 94 மாசிப் பக்கத்தைப் பாத்தாப் பிறகு நான் கேட்ட மாதிரி கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனா ம ஆர் எண்டு எனக்கும் தெரியோணும்.

முள்ளியவளைப் பிள்ளை:

வணக்கம். நான் ஊரில இருந்து எழுதுறன். ஒரு அக்கா இந்த இழையை அனுப்பினவ.

நாங்கள் சண்டை முடிஞ்சு சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில இருந்து 2010 இல திரும்பி வந்தனாங்கள். அப்பா இல்லை. நான் 10ஆம் ஆண்டு. சேர் எனக்கு மாசம் 3000 ரூபா அனுப்பினவர், தம்பிக்கும் 3000. ஒரு நிபந்தனை, மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கைப்பட ஒரு கடிதம் எழுதோணும், அதோட அவர் அனுப்பிற கணக்கு ஒண்டைச் செய்து வைக்கோணும். கடிதம் அவரிட்டப் போய்ச் சிவப்பு மையில திருத்தித் திரும்பி வரும். "தங்களுடய" இல்லை "தங்களுடைய". கணக்குப் பிழையெண்டா விடை எழுதமாட்டார், எந்த வரியில பிழைச்சதோ அந்த வரியில ஒரு புள்ளி மட்டும். அந்தப் புள்ளியைப் பாத்துக்கொண்டு நான் ரெண்டு நாள் இருந்திருக்கிறன். இப்ப நான் முல்லைத்தீவில ஒரு பள்ளிக்கூடத்தில கணிதம் படிப்பிக்கிறன், நானும் புள்ளிதான் போடுறன்.

ஆனா ஒண்டு சொல்லோணும். தம்பி சாதாரண தரத்தோட விட்டிட்டு மேசன் வேலைக்குப் போட்டான், வீட்டுக் கூரை போடக் காசு வேணும் எண்டு. சேர் அவன்ர காசை நிப்பாட்டினவர். நான் மன்றாடி எழுதினன். "படிப்புக்கு என்று ஒதுக்கியது படிப்புக்கே" எண்டு ஒரு வரி. எனக்கு அது இப்பவும் சரியாப் படேல்ல. படிப்பை விட்ட பிள்ளைக்குத்தான் கூட உதவி வேணும். கல்வெட்டில போடாட்டிலும் பரவாயில்லை, நான் இஞ்ச சொல்லிப்போட்டன்.

இன்னொண்டு. முதல் வந்த நாலைஞ்சு கடிதத்தில, கீழ ஓரத்தில வேற மாதிரி உருண்டை எழுத்தில சின்னதா ஒரு வரி இருக்கும், பென்சிலால. "மகள், செருப்புப் போட்டுத்தானே பள்ளிக்கூடம் போறனீ?" "காலமை சாப்பிட்டனியோ?" நான் அதுவும் சேர் எண்டு நினைச்சன், படிப்புக்கு ஒரு எழுத்து, மற்றதுக்கு ஒரு எழுத்து எண்டு. பிறகு அது நிண்டிட்டுது. நான் என்னவோ பிழை விட்டிட்டன் எண்டு யோசிச்சு, செருப்புப் போட்டுத்தான் போறனான் எண்டு கேக்காமலே எழுதினனான். பதில் வரேல்ல.

மார்க்கம் மாமி:

பிள்ளை, எப்ப நிண்டது அது? வருசம் சொல்லு.

முள்ளியவளைப் பிள்ளை:

2011 கடைசி அன்ரி. சாதாரண தரச் சோதனைக்கு முதல். கார்த்திகையில வந்த கடிதத்தில இல்லை.

கொப்பிக்காரன்:

கணக்குப்பிள்ளை அண்ணை கேட்டதைப் பாத்து எழுதுறன், ராத்திரி ஒரு மணி, மூண்டு கொப்பியும் மேசையில பரப்பி வைச்சிருக்கிறன்.

91 இல இருந்து 2003 வரைக்கும் ம நிரலில நேர் தொகையள், 80, 100, 120. ஆனா எல்லா வருசமும் தையிலயும் மாசியிலயும் வெறும் கோடு. பிறகு 2004 இல இருந்து 2011 புரட்டாசி வரைக்கும் 60, ஒரு மாசமும் தவறேல்ல. அதுக்கு அடுத்த ஐப்பசி மட்டும் கோடு. கார்த்திகையில இருந்துதான் விசித்திரம், 187.43. சதத்தோட. மார்கழியும் 187.43. 2012 தை 192.68, அது வருசம் முழுக்க அப்பிடியே. 2013 தை 196.15, வருசம் முழுக்க. 2014 தை 197.92. இப்பிடியே 2019 வரைக்கும் தையில மட்டும் ஒரு சின்ன ஏத்தம்.

ஆராவது பாங்கில வட்டிக்குப் போட்டிருந்தவையோ?

கணக்குப்பிள்ளை:

வட்டி இப்பிடி வராது. தையில மட்டும் ஏறுது, பிறகு 12 மாசம் ஆடாமல் நிக்குது எண்டா அது சிபிபி, கனடா பென்சன். முதியோர் உதவிப் பணம் எண்டா மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறும். 2012 தைக்கு 2.8 வீதம் ஏத்தினவங்கள், 187.43 ஐப் பெருக்கிப் பாருங்கோ, 192.68 சரியா வருது. ஆனா இது மாஸ்டரின்ர பென்சன் தொகை இல்லை, அது எனக்குத் தெரியும், அவரின்ர ரிட்டேர்ண் நான்தான் செய்தது.

ஆ. விளங்கீட்டுது. நான் சொல்லக்கூடாது, மாமி, உங்களுக்குத் தெரியும்தானே, நீங்களே சொல்லுங்கோ.

மார்க்கம் மாமி:

ம எண்டா மற்றவை இல்லையடா தம்பி. அவவின்ர பேரின்ர முதல் எழுத்து. மாஸ்டரின்ர மனுசி.

உனக்கு அவவைத் தெரியாது, சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு நாளும் வந்திருக்கமாட்டா, ஏனெண்டா சனிக்கிழமை ஓவர்டைம். 89 இல பிள்ளையளோட வந்தவ, வந்து ரெண்டாம் கிழமை என்னோட பக்டரிக்கு வந்தவ. உறைஞ்ச சாப்பாடு பெட்டி கட்டுற இடம், உள்ள எப்பவும் குளிர், ரெண்டு கையுறை போட்டாலும் விரல் மரத்துப் போகும். நத்தார் ஓடர் முடிஞ்சா தையிலயும் மாசியிலயும் ஆளை நிப்பாட்டிப் போடுவாங்கள், பங்குனியில திரும்பக் கூப்பிடுவாங்கள். அதுதான் உன்ர கோடு. ஓவர்டைம் காசைத் தனிய ஒரு கவரில போட்டு வீட்ட கொண்டு போறவ, நான் கேட்டனான், ஏனடியப்பா இப்பிடி மாயிறாய், உன்ர பிள்ளையளுக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கு எண்டு. "அவர் வகுப்புக்கு ரெண்டு வாத்திமாரை வைச்சிருக்கிறார், நிப்பாட்டினா மனுசன் படுத்திடும்" எண்டவ. கோவத்தோடதான் சொன்னவ, சும்மா தியாகி மாதிரி இல்லை. சில நாள் பஸ்சில வரேக்க மாஸ்டரைத் திட்டித் தீர்ப்பா. அடுத்த நாள் திரும்பக் கவர்.

ஊரில அவ எட்டாம் வகுப்பு மட்டும். எழுத்து நல்ல உருண்டையா இருக்கும்.

2011 புரட்டாசியில போனவ. பிள்ளை, நீ ஒரு பிழையும் விடேல்ல.

முள்ளியவளைப் பிள்ளை:

அன்ரி, அந்தக் கடிதங்கள் என்னட்ட இருக்கு. என்னால இப்ப எழுத ஏலாது, பிறகு வாறன்.

கொப்பிக்காரன்:

காலமை மகனுக்கு அடிச்சனான். அவருக்கும் ம என்னெண்டு தெரியாது, கொப்பியைத் திறந்து பாத்ததே இல்லையாம். சதக் கணக்கைச் சொன்னவுடன கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு சொன்னார், அம்மா போனபிறகு அப்பாவுக்கு மாசம் மாசம் துணையிழந்தவருக்கான பென்சன் வாறது, அதை எடுத்து வீட்டுக்கு ஒரு நல்ல ஹீட்டர் போடுங்கோ எண்டு கன தரம் சொன்னது, "அது அம்மான்ர சம்பளம்" எண்டு மட்டும் சொல்லுவாராம், இவை வயசு போன மனுசன் தடுமாறுது எண்டு நினைச்சிட்டினம்.

நெல்லைக்காரன்:

எங்க பக்கம் ஸ்ரீவைகுண்டத்துல பாலம் கல்யாணசுந்தரம் ஐயா, நூலகரா இருந்து சம்பளத்தையே தூக்கிக் குடுத்தவரு, அவரைப் பத்தி எங்கப்பா அடிக்கடி பேசுவாரு. எங்கம்மா அப்பல்லாம் ஒண்ணுதான் கேப்பாங்க, "அவருக்குக் கல்யாணம் ஆகலைல்ல?"ன்னு. நாங்க சிரிப்போம். இன்னிக்கு அம்மா சொன்னது வேற மாதிரி கேக்குது.

உண்மைவிளம்பி:

ஹீட்டர் இல்லாமல் இருந்தவரோ? கனடாவில?

கொப்பிக்காரன்:

இருந்தது அண்ணை, பழசு. சத்தம் போடும். அவர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருப்பார்.

சரி இப்ப வேலைக்கு வாறன். அச்சுக்காரர் வியாழக்கிழமைக்குள்ள தரச் சொல்லுறார். வாழ்க்கைக் குறிப்பை ரெண்டு பேருக்கும் சேத்து எழுதுறதெண்டு முடிவெடுத்தாச்சு, மகனுக்குச் சம்மதம். அவரின்ர அடி, தம்பிக்குக் காசு நிப்பாட்டினது ரெண்டையும் போடுவன், அதுக்கும் சம்மதம் வாங்கியாச்சு, கொஞ்சம் யோசிச்சுத்தான் தந்தவர். 94 மாசிப் பக்கத்தை அப்பிடியே படமாப் போடுறம், தலைமயிர்க் கணக்கோட.

பிரச்சினை அம்மாவின்ர படம்தான். 2001 இல வகுப்புக்கு 10 வருசம் எண்டு எடுத்த குறூப் போட்டோவில அவ இல்லை. பிள்ளையளின்ர கலியாணப் படங்களில ஒண்டில கண் மூடியிருக்கு, மற்றதில கமராக்காரன் மாலையோட நிக்கிற ஆளைப் பாத்து அவவைப் பாதியில வெட்டிப்போட்டான். தனிய எடுத்தது எண்டு பாஸ்போட் படம் மட்டும். ஆரிட்டயாவது இருக்கோ?

மார்க்கம் மாமி:

என்னட்ட ஒண்டு கிடக்கு தம்பி. 92 ஓ 93 ஓ, பக்டரி வாசலில, பஸ்சுக்கு நிக்கேக்க என்ர தங்கச்சி எடுத்தது. சரியான ஸ்னோ. ரெண்டு பேருக்கும் ஆம்பிளையளின்ர கோட்டு, அவவுக்கு மாஸ்டரின்ர செக்குரிட்டிக் கோட்டு, கையில பட்ஜ் ஒட்டின இடம் தெரியும். வலது கையைக் கோட்டுக்குள்ள விட்டுக்கொண்டு நிக்கிறா, கவர் அதுக்குள்ள. சிரிக்கேல்ல, கமராவைப் பாத்து முறைக்கிறா, எடுக்காதை எடுக்காதை எண்டவ.

நாளைக்குப் பேரனிட்டச் சொல்லி ஸ்கான் பண்ணி அனுப்புறன். என்னை வெட்டிப்போட்டு அவவை மட்டும் போடு.